களம் யாருடையது? – சவூதி அரேபியாவும் தொழில்முறைக் குத்துச்சண்டையின் எதிர்காலமும்

புறநானூற்றில் ஒரு மற்போர்க் காட்சி உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்துகிறான். அதனைப் பாடிய புலவர் சாத்தந்தையார், மல்லனின் மார்பில் ஒரு காலை ஊன்றி மறுகாலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து நின்ற வீரனின் நிலையை நம் கண்முன் நிறுத்துகிறார். அவ்வளவோடு அவர் அமையவில்லை. மகனோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன் இக்காட்சியைக் காணவேண்டும் என்று விழைகிறார். கண்டு மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் காணவேண்டும் என்கிறார்.

இச்செய்யுளை மாணவர்க்கு விளக்கும்போது வீரனின் வலிமையைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேசுகிறோம். காண்பவனைப் பற்றிச் சிறிதே பேசுகிறோம். ஆனால் புலவரின் நெஞ்சம் காண்பவனைத்தான் நாடுகிறது. தன் பக்கம் சாய்வான் என்ற உறுதி இல்லாத ஒருவன் கண்டு ஒப்பும்போதுதான் வீரம் முழுமை பெறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீரனிடம் பரிசு பெற்றவன் சொல்லும் பாராட்டைவிட, விலைக்கு வாங்க இயலாத ஒருவனின் பார்வைக்கே மதிப்பு மிகுதி.

இந்த எண்ணத்தை அளவுகோலாகக் கொண்டு, நம் காலத்துக் களம் ஒன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தொழில்முறைக் குத்துச்சண்டையின் போக்கைச் சில ஆண்டுகளுக்குள் ஒரு நாடு மாற்றிவிட்டது. அந்நாடு சவூதி அரேபியா. அம்மாற்றத்தால் விளைந்த நன்மை யாது, தீமை யாது, இவ்விளையாட்டு எத்திசை நோக்கிச் செல்கிறது என்பனவற்றைப் புகழ்ச்சிக்கும் பழிப்புக்கும் இடங்கொடாமல் எண்ணிப் பார்ப்போம்.

முன்னைய நாடுகளின் முத்திரை

குத்துச்சண்டையின் வரலாற்றில் ஒரு நாட்டின் கை ஓங்கி நிற்பது இது முதன்முறை அன்று. கையுறை அணிதல், மூன்று நிமிடச் சுற்று, வீழ்ந்தவன் எழப் பத்து எண்ணும் அவகாசம் ஆகிய விதிகளை இங்கிலாந்து வழங்கியது. 1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளே இன்றும் இவ்விளையாட்டின் அடித்தளம். அமெரிக்கா அதற்குச் சந்தையை வழங்கியது. நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கமும், பின்னர் லாஸ் வேகாசின் சூதாட்ட விடுதிகளும், தொலைக்காட்சியும் சேர்ந்து குத்துச்சண்டையைப் பெரும் வாணிகமாக்கின. கியூபாவோ, புரட்சிக்குப் பின், 1962இல் தொழில்முறை விளையாட்டையே தன் மண்ணில் தடைசெய்தது. அதன் வீரர்கள் பல்லாண்டுகள் ஒலிம்பிக் பதக்கங்களுக்காக மட்டுமே போரிட்டனர்.

அரசுகள் பணம் கொடுத்துப் போட்டிகளைத் தம் மண்ணுக்குக் கொண்டுவந்ததும் பழைய கதையே. 1974 அக்டோபர் 30ஆம் நாள், அன்றைய ஸாயிர் நாட்டின் தலைநகரான கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் போர்மனும் மோதினர். ஒவ்வொருவருக்கும் 5 மில்லியன் அமெரிக்க வெள்ளி கிடைக்க வழிசெய்தவர் அந்நாட்டு அதிபர் மொபுட்டு. அடுத்த ஆண்டு ஜூலை முதல் நாள் நம் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்கில் அலி, ஜோ பக்னரைப் 15 சுற்றுகளில் புள்ளி அடிப்படையில் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், மார்க்கோசின் ஆட்சியில் இருந்த மணிலாவில் அலியும் ஜோ பிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினர்.

இங்கே ஒரு செய்தியைக் கருத வேண்டும். கின்ஷாசாவின் ஆட்டம் விடியுமுன் நான்கு மணியளவில் தொடங்கியது. மணிலாவின் ஆட்டம் முற்பகலில் நடந்தது. அமெரிக்காவில் இருந்தோர் தத்தம் ஊரின் மாலையிலும் இரவிலும் பார்க்க வேண்டும் என்பதே காரணம். பணம் ஸாயிருடையதாகவும் பிலிப்பைன்சுடையதாகவும் இருந்தாலும், ஆட்டத்தின் கடிகாரம் அமெரிக்கப் பார்வையாளன் கையில் இருந்தது. அந்த அரசுகள் ஓர் இரவை மட்டுமே விலைக்கு வாங்கின. ஆட்டம் முடிந்ததும் மேடை பிரிக்கப்பட்டது. வீரர்கள் விமானம் ஏறினர். விளையாட்டு தன் பழைய வழியே சென்றது. சவூதி அரேபியா செய்தது இதனின் வேறானது.

நோயுற்றிருந்த விளையாட்டு

சவூதியின் செல்வம் நுழைந்தபோது குத்துச்சண்டை நலமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகள் நான்கு: உலகக் குத்துச்சண்டைச் சங்கம், 1963இல் தோன்றிய உலகக் குத்துச்சண்டை மன்றம், 1983இல் தோன்றிய அனைத்துலகக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, 1988இல் தோன்றிய உலகக் குத்துச்சண்டை அமைப்பு. ஒரே எடைப் பிரிவில் ஒரே காலத்தில் நால்வர் 'உலக வாகையர்' என்று தம்மை அழைத்துக்கொள்ள இந்நிலை வழிவிட்டது. ஒவ்வொரு வீரனும் ஓர் ஏற்பாட்டாளருக்குக் கட்டுப்பட்டவன். ஒவ்வோர் ஏற்பாட்டாளரும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே மோத வேண்டிய இருவர் மோதாமலே முதுமையடைந்தனர்.

பிளாய்ட் மேவெதரும் மேனி பக்கியாவோவும் மோத வேண்டும் என்று உலகம் 2009ஆம் ஆண்டு முதல் கேட்டது. அவர்கள் மோதியது 2015 மே மாதத்தில். இருவரின் நல்ல காலமும் அதற்குள் கழிந்திருந்தது. ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவில், 1999 நவம்பரில் லெனக்ஸ் லூயிஸ் இவாண்டர் ஹோலிபீல்டை வென்றதற்குப் பின், ஏறத்தாழ 25 ஆண்டுகள், எல்லாரும் ஒப்பும் ஒரே வாகையர் தோன்றவே இல்லை. உலகின் தலைசிறந்த வீரன் யார் என்ற எளிய வினாவுக்கு விடைசொல்ல முடியாத விளையாட்டு, தன் பார்வையாளரைத் தானே இழந்துகொண்டிருந்தது.

சவூதியின் வருகை

2016இல் சவூதி அரேபியா 'தொலைநோக்கு 2030' என்னும் திட்டத்தை அறிவித்தது. எண்ணெயை மட்டுமே நம்பியிருக்கும் பொருளாதாரத்தைப் பல துறைகளுக்குப் பரப்புதலே அதன் நோக்கம். கேளிக்கைக்கென ஒரு பொது ஆணையமும் அவ்வாண்டே நிறுவப்பட்டது. 2018இன் இறுதியில் துர்க்கி அலல்ஷிக் அதன் தலைவரானார். 2019இல் 'ரியாத் பருவம்' என்னும் ஆண்டு விழா தொடங்கியது.

குத்துச்சண்டையில் முதல் அடி 2018 செப்டம்பர் 28ஆம் நாள் எடுத்துவைக்கப்பட்டது. ஜெட்டாவில் பிரிட்டனைச் சேர்ந்த கேலம் ஸ்மித், தம் நாட்டவரான ஜார்ஜ் குரோவ்சை வீழ்த்தினார். 2019 டிசம்பரில் டிரியாவில் அந்தோணி ஜோஷுவா, ஆண்டி ருயிசிடம் இழந்த பட்டங்களை மீட்டார். 2022 ஆகஸ்டில் ஜெட்டாவில் உக்ரேனின் ஒலெக்சாண்டர் உசிக், ஜோஷுவாவை இரண்டாம் முறை வென்றார். அதுவரை நடந்தவை, கின்ஷாசாவையும் மணிலாவையும் போல, தனித்தனி இரவுகளே.

2023இன் பிற்பகுதியில் அந்நிலை மாறியது. ஓர் ஆட்டம் முடியுமுன் அடுத்த ஆட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 மே 18ஆம் நாள் ரியாத்தில் உசிக், டைசன் பியூரியை நடுவர் மூவருள் இருவரின் தீர்ப்பால் வென்று, நான்கு பட்டங்களையும் ஒன்றுசேர்த்த முதல் மிகுஎடை வாகையரானார். அடுத்த மாதமே, நெடுங்காலப் பகைவர்களான பிரிட்டிஷ் ஏற்பாட்டாளர்கள் பிராங்க் வாரனும் எடி ஹெர்னும் தத்தம் வீரர்களில் ஐவரை ரியாத் மேடையில் எதிரெதிரே நிறுத்தினர். அக்டோபரில், தோல்வியே காணாத ஆர்ட்டூர் பெட்டர்பியெவும் டிமித்ரி பிவோலும் மோதினர், பெட்டர்பியெவ் வென்றார். 2025 பிப்ரவரியில் அவர்களே மீண்டும் மோத, பிவோல் வென்றார்.

இவை சிறிய செயல்கள் அல்ல. வாணிகப் பகையால் பூட்டிக்கிடந்த கதவுகளைச் சவூதியின் பணம் திறந்தது என்பதை நேர்மையுடையோர் ஒப்புக்கொள்ள வேண்டும். வீரனுக்குக் கிடைத்த ஊதியத்தையும் பழிப்பதற்கில்லை. குத்துச்சண்டை வீரனுக்கு உடலே முதல். அம்முதல் ஒவ்வோர் ஆட்டத்திலும் தேய்கிறது. கோலாலம்பூரிலும் மணிலாவிலும் நாம் கண்டு வியந்த முகமது அலி, 1984இல் பார்க்கின்சன் நோயாளி என்று அறியப்பட்டார். சில ஆண்டுகளே நீடிக்கும் வாழ்வில் ஒரு வீரன் நிறைந்த ஊதியத்தை நாடிச் செல்வதை, குளிர்ந்த அறையில் அமர்ந்து எழுதுவோர் இழித்துரைத்தல் தகாது.

ஆயினும் நோய் தீர்ந்ததா? உசிக் நான்கு பட்டங்களையும் வென்ற ஆறு வாரங்களுக்குள் அவற்றில் ஒன்று அவர் கையை விட்டுப் போனது. அதனை மீட்க அவர் 2025 ஜூலையில் டேனியல் டுபுவாவோடு மீண்டும் போரிட வேண்டியதாயிற்று. பணம் ஆட்டங்களை ஏற்பாடு செய்தது, அமைப்பைத் திருத்தவில்லை. காய்ச்சலுக்குக் குளிர்ந்த துணியைப் போட்டதுபோல் வெம்மை சற்றே தணிந்தது, அவ்வளவே.

கறை கழுவும் கலை

சவூதியின் மீது சொல்லப்படும் முதற்குற்றம், அது விளையாட்டைக் கொண்டு தன் பெயரிலுள்ள கறையைக் கழுவுகிறது என்பது. இக்குற்றச்சாட்டுக்கு வலுவான அடிப்படை உண்டு. ஜெட்டாவில் முதல் பேராட்டம் நடந்த நான்காம் நாள், 2018 அக்டோபர் 2இல், இஸ்தான்புலில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் சென்ற எழுத்தாளர் ஜமால் கஷோகி அங்கேயே கொல்லப்பட்டார். அந்நடவடிக்கைக்குப் பட்டத்து இளவரசர் ஒப்புதல் அளித்தார் என்பது அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு. அம்மதிப்பீடு 2021இல் வெளியிடப்பட்டது. சவூதி அரசு அதனை மறுத்தது. 2022 மார்ச் 12ஆம் நாள் ஒரே நாளில் 81 பேருக்கு அந்நாடு மரண தண்டனை நிறைவேற்றியது. எழுதுகோல் பிடித்தவர்களாகிய நாம், எழுதியதற்காக ஒருவர் கொல்லப்பட்டதை விளையாட்டுச் செய்திகளின் ஆரவாரத்தில் மறந்துவிடுதல் அறமாகாது.

மறுபுறம் கூறப்படும் விடைகளும் உள. மகளிர் விளையாட்டரங்கில் அமர்ந்து காண்பதற்கே 2018இல்தான் இசைவு பெற்ற அந்நாட்டில், 2022 ஆகஸ்டில் ரம்லா அலி, கிறிஸ்டல் கார்சியா நோவா என்னும் இரு பெண்கள் தொழில்முறைக் குத்துச்சண்டை மேடை ஏறினர். 2024 அக்டோபரில் மகளிர் உலகப் பட்டப் போட்டி ஒன்றும் ரியாத்தில் நடந்தது. மேலும், மொபுட்டுவின் பணத்தையும் மார்க்கோசின் பணத்தையும் ஏற்ற விளையாட்டு, சவூதியின் பணத்தை மட்டும் தீட்டு என்று ஒதுக்குவது எப்படி என்றும் கேட்கின்றனர். இவ்வினாவில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பழைய பிழை புதிய பிழைக்குச் சான்றுரை ஆகாது.

என் கருத்தில், இக்குற்றச்சாட்டு சரியானதே எனினும் நிறைவானது அன்று. குத்துச்சண்டையால் சவூதியின் பெயருக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டுமே அது கேட்கிறது. சவூதியால் குத்துச்சண்டைக்கு என்ன நேர்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டும்.

பார்வையாளன் தேவையற்றவனாகும்போது

தொழில்முறைக் குத்துச்சண்டை, எவ்வளவு இழிவுகள் மலிந்ததாயினும், ஓர் ஒழுங்கைக் கொண்டிருந்தது. நுழைவுச்சீட்டு வாங்குபவனை நம்பியே அது வாழ்ந்தது. சிங்கப்பூரின் 'ஹேப்பி வோர்ல்டு' கேளிக்கைப் பூங்கா அரங்கிலும், லண்டன் கிழக்குப் பகுதியில் 1929இல் திறக்கப்பட்ட யார்க் மண்டபத்திலும் நடந்த ஆட்டங்களுக்கு, உழைத்துப் பெற்ற காசைக் கொடுத்து மக்கள் வந்தனர். ஆட்டம் சுவையற்றுப் போனால் கூச்சலிட்டனர், மறுமுறை வரவில்லை. அந்தக் கூச்சலும் வராமையுமே வீரனுக்கும் ஏற்பாட்டாளருக்கும் ஆசிரியர்களாக இருந்தன.

ஓர் அரசின் கருவூலம் செலவை ஏற்கும்போது இவ்வொழுங்கு தளர்கிறது. அரங்கம் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஊதியம் வந்து சேர்கிறது. 2025 மே 2ஆம் நாள் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ரியாத் பருவத்தின் ஆதரவோடு ஒரு நிகழ்ச்சி நடந்தது. பொதுமக்களுக்குச் சீட்டு விற்கப்படவில்லை. அழைக்கப்பட்டோரே மேடையைச் சூழ அமர்ந்தனர். உலகின் மிக நெரிசலான நாற்சந்தி ஒன்றில், மக்கள் உள்ளே வர இயலாத ஒரு குத்துச்சண்டை! ஒளியும் படப்பிடிப்பும் சிறப்பாக இருந்தன. ஆட்டங்களோ மந்தமாக நடந்தன. அடுத்த நாள் ரியாத்தில் மெக்சிகோவின் கனெலோ ஆல்வரெஸ், வில்லியம் ஸ்கல்லை வென்றார். அப்பன்னிரண்டு சுற்றுகளிலும் இருவரும் சேர்ந்து வீசிய குத்துகள் 445 மட்டுமே. குத்துகளை எண்ணிப் பதிவுசெய்யும் 'காம்புபாக்ஸ்' நிறுவனத்தின் பதிவுகளில், பன்னிரண்டு சுற்று ஆட்டமொன்றில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை அதுவரை இல்லை.

இவ்விரு நாட்களை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. மந்தமான ஆட்டங்கள் எக்காலத்தும் உண்டு. சவூதியின் ஆதரவோடு 2024 செப்டம்பரில் லண்டன் வெம்பிளியில் டுபுவா, ஜோஷுவாவை வீழ்த்தியபோது 96,000 பேர் திரண்டனர். 2025 செப்டம்பரில் லாஸ் வேகாசில் டெரன்ஸ் கிராபர்ட், ஆல்வரெசை வென்றபோது அரங்கில் 70,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். நெட்பிளிக்ஸ் சந்தாதாரர்கள் தனிக் கட்டணம் இன்றி அதனைக் கண்டனர். ஆகவே மக்கள் விலகிவிட்டனர் என்று கூறுவது பொருந்தாது. மக்கள் வந்தாலும் வராவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்ற நிலை பிறந்துள்ளது, அதுவே கவலைக்குரியது. கூட்டம் இன்று அலங்காரம். நேற்று அது அடித்தளம்.

அடித்தளம் என்ற சொல்லை எண்ணியே ஆள்கிறேன். உசிக்கும் பிவோலும் ரியாத்தில் பிறந்த வீரர்கள் அல்லர். வேறு மண்ணில், சிறிய கூடங்களில், பெயர் அறியாப் பயிற்றுநர்களிடம் பயின்று வளர்ந்தவர்கள். பழுத்த கனிகளை நல்ல விலைக்கு வாங்குவது எளிது. செடிக்கு நீர் ஊற்றுவோர் யார்? பெரிய ஆட்டங்கள் யாவும் ஒரு விழாவில் குவியுமானால், ஊர்தோறும் சிறிய கூடங்களை நடத்துவோர், தம் ஊர் வீரன் தம் ஊரிலேயே பெரியவனாவதைக் காணும் நாளை இழப்பர். ஒருநாள் அக்கருவூலம் வேறொரு கேளிக்கையின்மீது கருத்துக் கொண்டால், உயர்ந்த ஊதியத்துக்குப் பழகிய வீரர்களும் வறண்ட கூடங்களுமே எஞ்சும்.

சட்டமும் தனியுரிமையும்

எதிர்காலம் குறித்த வினா இங்கே சட்டத்தின் வாயிலுக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா, முகமது அலியின் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. வீரனின் நலம் பேணும் மேலாளரும், அவனைக் கொண்டு பொருளீட்டும் ஏற்பாட்டாளரும் ஒருவராக இருத்தல் கூடாது என்றது அச்சட்டம். ஆட்டத்தால் வந்த வருவாயை ஏற்பாட்டாளர் வீரனுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்றும், தரவரிசை எவ்வாறு முடிவாகிறது என்பதைப் பட்ட அமைப்புகள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது.

2025 மார்ச்சில், யு.எஃப்.சி. என்னும் கலப்புச் சண்டை நிறுவனத்தின் உரிமையாளரான டி.கே.ஓ. குழுமம், துர்க்கி அலல்ஷிக்கோடும் சவூதியின் சேலா நிறுவனத்தோடும் இணைந்து புதிய குத்துச்சண்டை அமைப்பைத் தொடங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கக் கீழவையில் அலி சட்டத்தை மாற்றும் மசோதா ஒன்று அறிமுகமானது. ஏற்பாட்டாளராகவும், தரவரிசை வகுப்பவராகவும், பட்டம் வழங்குபவராகவும் ஒரே அமைப்பு இயங்க அது வழிவகுக்கிறது. குறைந்த அளவு ஊதியமும் மருத்துவக் காப்புறுதியும் அம்மசோதாவில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று; அடித்தட்டு வீரனுக்கு அவை உண்மையாகவே உதவும். ஆனால் அதே குழுமத்தின் கலப்புச் சண்டை நிறுவனம், தம் ஊதியத்தை முறையற்ற வழியில் அடக்கிவைத்தது என்று வழக்காடிய வீரர்களுக்கு 375 மில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுத்து உடன்பாடு செய்துகொண்டதும் வரலாறு. நான்கு பட்டங்களின் குழப்பத்துக்கு மருந்து, ஒரே ஒருவரின் ஆட்சிதானா? நான்கு கடைகள் ஏமாற்றினால் ஐந்தாவது கடைக்குப் போகலாம். ஊரில் ஒரே கடை என்றால் விலை சொல்வது கடைக்காரரே.

திறனாய்வாளன் கூலியாள் ஆனால்

இறுதியாக, எழுத்தைத் தொழிலாகவும் தொண்டாகவும் கொண்ட நம்மை நேராகத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1922இல் நேட் பிளைஷர் தோற்றுவித்த 'தி ரிங்' என்னும் அமெரிக்க இதழை, குத்துச்சண்டை அன்பர்கள் தம் மறைநூல் என்றே போற்றிவந்தனர். அவ்விதழ் வகுக்கும் தரவரிசையையும், அது வழங்கும் கச்சையையும், பட்ட அமைப்புகளின் தீர்ப்பைவிட மேலானவை என்று பலர் மதித்தனர். எவரையும் சாராமை அம்மதிப்பின் வேராக இருந்தது.

அவ்வேர் முன்பும் ஆட்டங்கண்டதுண்டு. 1977இல் டான் கிங் நடத்திய அமெரிக்கப் போட்டித்தொடர் ஒன்றில், வீரர்களைத் தகுதியுடையவர்களாகக் காட்ட அவ்விதழின் பதிவுகளில் இல்லாத வெற்றிகள் சேர்க்கப்பட்டன. உண்மை வெளிப்பட்டதும் தொலைக்காட்சி நிறுவனம் அத்தொடரையே நிறுத்தியது. இதழின் பெயர் மீளப் பல்லாண்டுகள் ஆயின. 2007இல் ஏற்பாட்டாளராகவும் இருந்த ஆஸ்கார் டி லா ஹோயாவின் நிறுவனம் அதனை வாங்கியபோது, ஏற்பாட்டாளர் கையில் தராசு இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2024 நவம்பரில் அதே தராசைத் துர்க்கி அலல்ஷிக் வாங்கினார். அதன்பின் இதழின் பெயரே ஆட்டங்களுக்குச் சூட்டும் பெயராகவும் ஆயிற்று.

இப்போது நிலைமையைத் தொகுத்துக் காண்போம். ஆட்டத்தை நடத்துபவர் அவரே; வீரனுக்கு ஊதியம் அளிப்பவர் அவரே; யார் முதல்வன், யார் இரண்டாமவன் என்று வரிசைப்படுத்தும் ஏட்டின் உரிமையாளரும் அவரே. அவ்வேட்டில் எழுதுவோர் திறமையும் நேர்மையும் உடையவர்களாக இருக்கலாம். அவர்களை நான் ஐயுறவில்லை. ஆனால் நேர்மையாளரின் சொல்லையும் படிப்பவன் ஐயத்தோடு நோக்கும்படி செய்வது அமைப்பின் குற்றம். நூலாசிரியனே தன் நூலுக்கு மதிப்புரை எழுதும் இதழையும் நடத்தினால், அம்மதிப்புரையை மாணவர் எவ்வாறு படிப்பர் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பாராட்டு உண்மையாகவே இருந்தாலும் அது செல்லாக்காசாகிவிடும். அதனால் முதலில் இழப்படைபவன் உண்மையாகவே வென்ற வீரன்தான்.

முடிவாக

புரவலர் வேண்டாம் என்பது என் வாதம் அன்று. புரவலர் இன்றிக் கலைகள் வாழ்ந்த காலம் குறைவு. தமிழ்ப் புலவர் மரபே அதற்குச் சான்று. சவூதியின் செல்வத்தால் நல்ல ஆட்டங்கள் நடந்தன, வீரர்கள் பயன்பெற்றனர், காண்போரும் மகிழ்ந்தனர். அவையெல்லாம் நிலைக்க வேண்டுமானால் சில எல்லைகள் காக்கப்பட வேண்டும். ஊதியம் அளிப்பவர் தரவரிசை வகுத்தல் கூடாது. தரவரிசை வகுப்பவர் பட்டம் விற்றல் கூடாது. விமர்சன ஏடு எவருடைய மடியிலும் அமர்தல் கூடாது. வருவாயில் ஒரு பகுதி சிறிய கூடங்களுக்கும் இளம் வீரர்களுக்கும் செல்ல வேண்டும். இவ்வெல்லைகளை ஏற்கும் புரவலர், எந்நாட்டவராயினும் வரவேற்கத்தக்கவரே. ஏற்காதவர் எவ்வளவு அள்ளிக்கொடுத்தாலும், கொடுத்ததைவிட மிகுதியாக எடுத்துச் செல்பவரே ஆவார்.

கோப்பெருநற்கிள்ளியின் வெற்றியைத் தித்தன் கண்டானா, கண்டு மகிழ்ந்தானா என்பதைப் புலவர் நமக்குச் சொல்லவில்லை. அந்த ஐயமே அவ்வெற்றிக்குப் பெருமை சேர்க்கிறது. மகிழ்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டளையோடு ஒரு தித்தனைக் களத்தருகே அமர்த்தியிருந்தால், ஆமூர் மல்லன் வீழ்ந்தும் பயனில்லை. ரியாத்தின் ஒளிவெள்ளத்தில் நாளை மோதப்போகும் இளைஞனுக்கும் அத்தகைய ஒரு கண் தேவை. தன் காசைக் கொடுத்துச் சீட்டு வாங்கி, கடைசி வரிசையில் அமர்ந்து, பிடிக்காவிட்டால் எழுந்து போகும் உரிமையுடைய ஒருவனின் கண் அது.